குழி வெட்டுபவனின் பாட்டு

ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவ மாணவியருக்கு,

உங்களில் பலர் இந்தப் பருவத்திலோ அடுத்த பருவத்திலோ 'ஹாம்லெட்' படிப்பீர்கள். அதன் ஐந்தாம் அங்கம் கல்லறைத் தோட்டத்தில் தொடங்குகிறது. ஒருவன் குழி வெட்டிக்கொண்டே பாடுகிறான். அந்த இடம் வந்ததும் வகுப்பில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். "ஏதோ பழைய பாட்டு, பரீட்சைக்கு வராது" என்று சொல்லி ஆசிரியர் மண்டையோட்டுக்குத் தாவிவிடுவார். நான் படித்த காலத்தில் எங்களுக்கு அப்படித்தான் நடந்தது. பிறகு நானே ஆசிரியையாகி நின்றபோது முதல் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் என் மாணவர்களுக்கும் அதையேதான் செய்தேன். அவர்களுக்குச் சொல்லாமல் விட்டதை உங்களுக்காவது சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

அந்தப் பாட்டை எழுதியவருக்குப் பெயர் உண்டு. தாமஸ் வாக்ஸ். நார்த்தாம்டன்ஷயரில் உள்ள ஹாரோடனின் இரண்டாம் பிரபு. 1509இல் பிறந்தவர், 1556இல் இறந்தவர். எட்டாம் ஹென்றியின் அரசவையைச் சேர்ந்தவர். ஹோல்பைன் சுண்ணக்கோலால் வரைந்த அவருடைய முகம் இன்றும் இங்கிலாந்து அரச குடும்பத்தின் சேகரிப்பில் இருக்கிறது. தம் பாட்டு அச்சேறியதை அவர் பார்க்கவில்லை.

அவர் இறந்த மறு ஆண்டு, 1557 ஜூன் 5ஆம் தேதி, லண்டன் ஃப்ளீட் தெருவில் சட்டப் புத்தகங்கள் அச்சிட்டு வந்த ரிச்சர்ட் டாட்டல் ஒரு கவிதைத் திரட்டை வெளியிட்டார். 'பாட்டுகளும் சானட்டுகளும்' என்பது அதன் பெயர். இன்று 'டாட்டலின் திரட்டு' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். 271 பாட்டுகள். முகப்பில் சர்ரே பிரபுவின் பெயர். அவர் தலை வெட்டப்பட்டுப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. சர் தாமஸ் வயட்டின் பாட்டுகளும் உள்ளே உண்டு. அவரும் 1542இலேயே போய்விட்டவர். அக்காலத்துக் கனவான்கள் கவிதையைக் கையெழுத்துப் படியாக நண்பர்களுக்குள் சுற்றவிட்டார்களே தவிர, காசு கொடுத்தவன் எவனும் வாங்கிப் படிக்கும்படி அச்சில் விடுவதைக் கௌரவக் குறைவாக நினைத்தார்கள். இப்படிப் பெட்டிக்குள் பூட்டி வைப்பவர்களை டாட்டல் தம் முன்னுரையில் கடிந்துகொண்டார். திரட்டு நன்றாக விற்றது. எட்டே வாரத்தில், ஜூலை 31ஆம் தேதி, இரண்டாம் பதிப்பு வந்தது.

நம் தனிப்பாடல் திரட்டைப் புரட்டியவர்களுக்கு இந்த வகைப் புத்தகத்தின் குணம் தெரியும். பாட்டு ஒரு பக்கம் தங்கும், பாடியவர் பெயர் ஒரு பக்கம் நழுவும், பாட்டுக்கு மேலே திரட்டியவர் ஒரு கதை எழுதி வைப்பார். வாக்ஸுக்கும் இதே கதிதான். அவருடைய இரண்டு பாட்டுகள் டாட்டலின் புத்தகத்தில் 'பெயர் தெரியாதோர்' என்ற பகுதியில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுதான் குழி வெட்டுபவன் பாடுவது. 'முதிய காதலன் காதலைத் துறக்கிறான்' என்ற பொருளில் அதற்கொரு தலைப்பு.

தலைப்பு இப்படி இருந்தால் ஊர் சும்மா இருக்குமா? வாக்ஸ் மரணப் படுக்கையில் பாடியது என்றே பலர் நம்பினார்கள். 1575இல் ஜார்ஜ் காஸ்கோய்ன் என்ற கவிஞர் தம் புத்தகத்தின் முன்னுரையில், பாட்டில் 'நான்' என்று வந்தால் அது கவிஞனின் சொந்தக் கதை என்று எடுத்துக்கொள்ளும் வாசகர்களைக் குறை சொல்லும்போது இதையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். வாக்ஸ் இறந்தது நாற்பதுகளின் இறுதியில். பாட்டில் வரும் நரைத்த கிழவர் அவர் ஏற்ற வேடம். விடைத்தாளில் "கவிஞர் தம் சொந்த வாழ்வின் சோகத்தை இக்கவிதையில் வெளிப்படுத்துகிறார்" என்று எழுதக் கை பரபரக்கும்போது காஸ்கோய்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டின் பொருள் எளியது. இளமையில் இனித்ததெல்லாம் இப்போது கசக்கிறது. கலைமகள் முன்போல் அருகில் வருவதில்லை. முதுமை வந்து தோளைப் பிடித்துவிட்டது. இருமலும் குளிரும் வந்துவிட்டன. குந்தாலியும் மண்வெட்டியும் சவத்துணியும் களிமண் குழியும் ஆயத்தமாகிவிட்டன. நிலையாமை என்று ஒரே சொல்லில் நாம் அடக்கிவிடுவோம். குறளில் அதற்கென்று ஒரு தனி அதிகாரம் உண்டு. நாலடியாரின் தொடக்கமே செல்வ நிலையாமை, இளமை நிலையாமை, யாக்கை நிலையாமை என்று அடுத்தடுத்த அதிகாரங்கள். இதைக் கேட்டு வளர்ந்த உங்கள் காதுக்கு வாக்ஸ் அந்நியர் ஆக மாட்டார். இந்த இடத்தில் நீங்கள் அடிக்குறிப்பை நம்பி இருக்க வேண்டியதில்லை.

பாட்டின் யாப்பைச் சற்று நின்று பாருங்கள். நான்கு அடி, ஆங்கிலக் கணக்கில் ஆறு, ஆறு, எட்டு, ஆறு அசை. உங்களில் தேவாலயத்துக்குப் போகிறவர்கள் ஆங்கிலப் பாட்டுப் புத்தகத்தில் சில பாட்டுகளின் தலைமாட்டில் 'எஸ்.எம்.' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த யாப்புத்தான் இது. முதல் இரண்டு அடிகளை ஒன்றாகவும் பின்னிரண்டை ஒன்றாகவும் சேர்த்து எழுதினால் பன்னிரண்டும் பதினான்குமான நீள அடிகள் கிடைக்கும். அதற்குக் காஸ்கோய்ன் 'கோழிக்காரன் அளவு' என்று பெயர் சொன்னார். கோழி முட்டை விற்பவன் ஒரு டஜனுக்குப் பன்னிரண்டும் இன்னொரு டஜனுக்குக் கொசுறோடு பதினான்கும் தருவானாம். 1562இல் முழுமையாக அச்சான ஸ்டெர்ன்ஹோல்டு, ஹாப்கின்ஸ் சங்கீதப் புத்தகத்தில் சில சங்கீதங்கள் இதே அளவில் அமைந்தவை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தாவீதின் சங்கீதம் பாடிய வாய்க்கு, திங்கட்கிழமை வேலையிடத்தில் வாக்ஸின் பாட்டு தானாக வரும். புத்தகம் வாங்க முடியாதவனிடமும், எழுத்தறியாதவனிடமும் அறப்பாட்டு இப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

ஷேக்ஸ்பியர் 1600ஆம் ஆண்டையொட்டி 'ஹாம்லெட்' எழுதுகிறார். பாட்டு அச்சாகி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அரங்கில் இருந்தவர்கள் அதை நன்றாக அறிந்தவர்கள். குழி வெட்டுபவன் பாடுவது மூன்று கண்ணிகள். அவற்றில் சொற்கள் புரண்டு கிடக்கின்றன; ஒரு கண்ணியின் அடி இன்னொன்றில் வந்து விழுகிறது; இடையிடையே மண்வெட்டி இறங்கும்போது எழும் மூச்சொலி. பதிப்பாசிரியர்கள் டாட்டலின் பாடத்தை அருகில் வைத்து வேறுபாடுகளைக் குறித்திருக்கிறார்கள். இவை ஷேக்ஸ்பியரின் மறதி என்று நான் நினைக்கவில்லை. வேலை செய்துகொண்டே பாடும் மனிதனின் பாட்டு அப்படித்தான் இருக்கும். நடவு வயலில் பாட்டு கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அவன் யாருக்குக் குழி வெட்டுகிறான் என்று யோசித்தீர்களா? ஒஃபீலியாவுக்கு. கிழவன் ஒருவன் காதலைத் துறந்து சாவுக்குத் தயாராகும் பாட்டு, முதுமையைக் காணவே கொடுத்து வைக்காத ஒரு பெண்ணின் குழியிலிருந்து எழுகிறது. அவளைக் காதலித்த ஹாம்லெட் குழியருகே நின்று, யாருக்கான குழி என்று அறியாமல் கேட்டுக்கொண்டிருக்கிறான். இவனுக்குத் தன் வேலையின் பொருள் உறைக்கவில்லையா, குழி தோண்டும்போது பாட்டா என்று ஹாம்லெட் கேட்கிறான். பழக்கத்தால் மனம் மரத்துவிட்டது என்பதாக நண்பன் ஹொரேஷியோ பதில் சொல்கிறான். பாட்டைத் தெரிந்த பார்வையாளருக்கோ, அந்த மனிதன் உறைக்காமல் பாடவில்லை என்பது தெரியும். அந்த இடத்தில் பாட வேண்டிய பாட்டைத்தான் அவன் பாடுகிறான். பாட்டைத் தாண்டிப் போகும் வகுப்பு இந்த முரண் முழுவதையும் இழந்துவிடுகிறது. நானும் என் மாணவர்களும் அப்படித்தான் இழந்தோம்.

இனி இன்னொரு புத்தகம். 1576இல் ஹென்றி டைல் என்பவர் லண்டன் புனித பவுல் தேவாலயத்தின் தென்மேற்கு வாசலருகே இருந்த தம் கடையில் 'நயமிகு புனைவுகளின் சொர்க்கம்' என்ற பொருள்படும் பெயரில் ஒரு திரட்டை வெளியிட்டார். தொகுத்தவர் ரிச்சர்ட் எட்வர்ட்ஸ், அரச ஆலயப் பாடகர் குழுவில் இருந்தவர். அவர் இறந்து பத்தாண்டுகள் ஆன பிறகு வந்த புத்தகம் இது. டாட்டலின் திரட்டில் காதல் மிகுதி என்றால் இதில் அறமும் பக்தியும் மிகுதி. முதல் பாட்டே புனித பெர்னார்டின் பெயரில் வழங்கும் இலத்தீன் பாட்டின் மொழிபெயர்ப்பு. முகப்பில் கவிஞர்களின் பெயர்களும் முதலெழுத்துகளும் வரிசையாக வருகின்றன. எழுத்துகளைத் தலைகீழாக அடுக்கித் தன்னை மறைத்துக்கொண்டதாகத் தோன்றும் ஒரு பெயரும் உண்டு. அந்த வரிசையில் 'எல். வாக்ஸ்', அதாவது வாக்ஸ் பிரபு, என்ற பெயர் இருக்கிறது. இறந்து இருபது ஆண்டுகள் கழித்து அவர் பெயர் திரட்டின் முகப்புக்கு வந்தது. இந்தப் பாட்டுகள் ஐந்து குரலில் பாடவும் இசைக்கருவியோடு பாடவும் ஏற்றவை என்று டைல் தம் சமர்ப்பணத்தில் சொல்கிறார். 1606 வரை இது திரும்பத் திரும்ப அச்சானது. எலிசபெத் காலத்துத் திரட்டுகளில் வாசகர்கள் மிகவும் விரும்பியது இதுதான்.

இதில் வாக்ஸின் பாட்டுகளில் நிறைந்த மனத்தைப் பற்றிய ஒன்று எனக்கு மிகவும் நெருக்கமானது. கோழிக்காரன் அளவில் அமைந்தது. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் அமைதியான மனம் உள்ளவனே பேறு பெற்றவன் என்று தொடங்குகிறது. உடலை ஊழ் ஆட்டி வைக்கும், மனத்தை அதனால் தொட முடியாது என்கிறது. பின்பு ஒரு கருத்து வருகிறது: சாகும்போது செல்வம் நம்மைக் கைவிடும், குழி வரை வந்த உற்றார் அங்கே திரும்பிவிடுவார்கள், மனத்தின் நற்பண்புகள் மட்டும் மேலுலகம் வரை உடன் வரும்.

இதைப் படித்ததும் உங்களுக்குப் பட்டினத்தார் நினைவுக்கு வருவார். 'பாத காணிக்கை' படத்துக்குக் கண்ணதாசன் எழுதிய பாட்டும் வரும். எனக்கும் வந்தது. யார் யாரிடமிருந்து எடுத்தார் என்ற ஆராய்ச்சியில் இறங்க வேண்டாம்; அதற்குச் சான்று ஏதும் கிடையாது. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இடைக்கால ஐரோப்பாவில் பர்லாம், ஜோசபாத் என்ற இருவரின் கதை மிகவும் பரவியிருந்தது. அதில் ஓர் உவமைக் கதை. அரசன் கூப்பிட்டனுப்பிய ஒருவனுக்கு மூன்று நண்பர்கள். செல்வம் என்ற நண்பன் கந்தல் துணி கொடுத்து அனுப்பிவிடுகிறான்; சுற்றம் என்ற நண்பன் சிறிது தூரம் வந்து திரும்பிவிடுகிறான்; அவன் மதிக்காமல் விட்ட நற்செயல் என்ற நண்பன் மட்டும் உடன் வந்து அவனுக்காகப் பரிந்து பேசுகிறான். 1483இல் காக்ஸ்டன் ஆங்கிலத்தில் அச்சிட்ட 'பொன் வரலாறு' என்ற புனிதர் கதைகளின் தொகுப்பில் பர்லாம், ஜோசபாத் கதையும் உண்டு. அந்த ஜோசபாத் வேறு யாருமல்லர். போதிசத்துவர் என்ற சொல்தான் மொழிக்கு மொழி மாறி ஜோசபாத் ஆயிற்று. அரண்மனையைத் துறந்த சித்தார்த்தரின் வாழ்வு கிறிஸ்தவ உடை அணிந்து ஐரோப்பா முழுதும் நடந்தது. வாக்ஸ் இதைப் படித்தாரா என்று நான் சொல்லப் போவதில்லை. அவர் சிந்தித்த உலகத்தில் இந்தச் சிந்தனை ஏற்கெனவே இருந்தது, அதன் கிளைகளில் ஒன்றுக்கு வேர் நம் நிலத்தில் என்பது மட்டும் உண்மை.

அதே பாட்டில் இன்னோர் இடம், அச்சம் வாயைக் கட்டும், எண்ணத்தைக் கட்டாது என்ற கருத்து. இதை வெறும் பழமொழி என்று பலர் கடந்துபோவார்கள். வாக்ஸின் காலத்தை எண்ணிப் பாருங்கள். 1533இல் அரசி ஆன் பொலினின் முடிசூட்டு விழாவில் வீரப்பட்டம் பெற்றவர் அவர். மறு ஆண்டே, அரசனுக்கு எதிராக வாயால் சொன்னதும் இராசத்துரோகம் என்று ஒரு சட்டம் வந்தது. 1536இல் அதே ஆன் பொலினின் தலை உருண்டது. அந்த ஆண்டில் வாக்ஸ் ஜெர்சித் தீவின் பொறுப்பை விட்டு விலகினார். அதன் பிறகு மேரி பட்டத்துக்கு வரும் வரை அரசவைப் பக்கம் அதிகம் இல்லை. இந்தப் பாட்டை எந்த ஆண்டில் எழுதினார் என்று எவருக்கும் தெரியாது. ஆகவே இதை அவருடைய வாழ்க்கைக் குறிப்பாக நான் வாசிக்கவில்லை. ஆனால் சொல்லுக்குத் தலை போகும் நாட்டில், சிந்தித்துக் கழித்த பொழுதே என் வாழ்வில் இனிய பொழுது என்று ஒருவர் பாட்டை முடித்தால், அதை உபதேசம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து, அதே திரட்டில் வாக்ஸின் ஒரு வேண்டுதல் பாட்டு. இளமை போன தடுமாற்ற வழிகளைத் திரும்பிப் பார்த்து, மண்டியிட்டு, ஆண்டவரே இவற்றை மறந்துவிடும் என்று கேட்கிறது. சாலமோன், திமிங்கிலத்தின் வயிற்றில் காப்பாற்றப்பட்ட தீர்க்கதரிசி, சாகும் தறுவாயில் மீட்கப்பட்ட கள்ளன் என விவிலியத்திலிருந்து ஒவ்வொருவராக வருகிறார்கள். புனிதர்களிடம் பரிந்துரை கேட்கவில்லை, மரியாளை அழைக்கவில்லை, உத்தரிக்கும் தலம் பற்றிப் பேச்சில்லை. இதனால் கத்தோலிக்கரும் இதைச் சொல்லி வேண்டலாம், சீர்திருத்தச் சபையாரும் வேண்டலாம்.

இது சிறிய செய்தி அன்று. ஒருவரை ஒருவர் உயிரோடு எரித்த நூற்றாண்டு அது. இந்தத் திரட்டில் எழுதியவர்களில் ஜாஸ்பர் ஹேவுட் இயேசு சபைத் துறவி. வில்லியம் ஹன்னிஸ், கத்தோலிக்க அரசி மேரிக்கு எதிரான சதியில் சிக்கிச் சிறை சென்றவர். இருவரும் ஒரே அட்டைக்குள் இருக்கிறார்கள். வாக்ஸ் குடும்பமோ பின்னாளில் கத்தோலிக்கத்தை விடாமல் பற்றி நின்றதற்குப் பேர் போனது. தாமஸின் மகன் வில்லியம், எட்மண்ட் காம்பியன் என்ற இயேசு சபைக் குருவுக்கு இடம் கொடுத்த குற்றத்துக்காக 1581இல் ஸ்டார் சேம்பர் என்ற நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டு, ஆயிரம் பவுண்டு அபராதமும் சிறையும் பெற்றார். காம்பியன் அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி கொல்லப்பட்டார். முந்தின ஆண்டுதான் திரட்டின் ஒரு மறுபதிப்பு வந்திருந்தது. மகன் ஃப்ளீட் சிறையில் இருக்கிறார். அதே ஊரில் தந்தையின் வேண்டுதலைச் சீர்திருத்தச் சபைக் குடும்பங்கள் காசு கொடுத்து வாங்கி வாய்விட்டுப் படிக்கின்றன. அறப்பாட்டும் பக்திப்பாட்டும் பழைய திரட்டுகளில் என்ன வேலை செய்தன என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

உங்கள் நோட்ஸில் இந்தக் காலம் முழுவதும் அநேகமாக ஒரு வரியில் முடிந்திருக்கும்: 'வயட்டும் சர்ரேயும் சானட்டைக் கொண்டுவந்தார்கள்.' அதன் பின் நேரே ஸ்பென்சர், சிட்னி. இடைப்பட்ட கவிஞர்களுக்கு சி.எஸ். லூயிஸ் 1954இல் வைத்த பெயர் 'மங்கல் காலம்' என்ற பொருள் தருவது. இழிவாகச் சொல்லவில்லை, அலங்காரமற்ற நடைக்கு ஓர் அடையாளமாகத்தான் சொல்கிறேன் என்று அவரே தெளிவுபடுத்தினார். அந்த விளக்கம் மறந்துபோயிற்று, பெயர் ஒட்டிக்கொண்டது. குறை எதுவும் இல்லை என்று நான் வாதாட மாட்டேன். இந்தத் திரட்டுகளில் மோனையை அள்ளிக் கொட்டி, பழமொழி மேல் பழமொழி அடுக்கி, ஒரே தாளத்தில் தடதடத்துப் போகும் பாட்டுகள் ஏராளம்; வாக்ஸிலும் உண்டு. அவருடைய நல்ல பாட்டுகளில் ஒரு சொல்லும் மிகை இல்லை. எளிய ஆங்கிலச் சொற்கள், தெளிந்த ஓட்டம், கேட்டதும் மனத்தில் தங்கும் அடி. வீட்டுத் திண்ணையில் ஔவையைச் சொல்லிப் பழகிய சமூகத்தின் பிள்ளைகள் இந்தக் குணத்தைக் குறையாக எண்ணலாகாது.

உங்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். ஹைடர் ரோலின்ஸ் இந்த இரண்டு திரட்டுகளையும் 1920களின் இறுதியில் மிகுந்த உழைப்போடு பதிப்பித்திருக்கிறார். உங்கள் கல்லூரி நூலகத்தில் கேளுங்கள். இல்லையென்றால் வாங்கச் சொல்லுங்கள். வாக்ஸின் மூன்று பாட்டுகளையாவது மௌனமாக இல்லாமல் வாய்விட்டுப் படியுங்கள். வகுப்பில் ஐந்தாம் அங்கம் வரும்போது, பாட்டைத் தாண்டிப் போகும் ஆசிரியரைப் பணிவோடு நிறுத்தி, ஒருமுறை பாடிப் பார்ப்போமே என்று சொல்லுங்கள். எந்த ஆசிரியரும் கோபிக்க மாட்டார். என்னை ஒரு மாணவி அப்படி நிறுத்தியதால்தான் எனக்கு இதெல்லாம் தெரிய வந்தது.

இன்றே உங்கள் 'ஹாம்லெட்' பிரதியை எடுத்து, குழி வெட்டுபவன் பாடும் இடத்தில் ஓரத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள்: தாமஸ் வாக்ஸ், 1557.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருத்தி